பால் கணக்கும் மூன்று தரவுத்தளங்களும்

2017ஆம் ஆண்டு ஒரு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு தரவுத்தள மென்பொருள்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பால் நிறுவனத்துக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதும் வேலை அப்போதுதான் எங்கள் கைக்கு வந்திருந்தது. நாங்கள் நாலு பேர். எந்தத் தரவுத்தளம் என்று முடிவு செய்வது என் பொறுப்பு. ஒரு பழைய டெஸ்க்டாப்பில் இரண்டையும் நிறுவினேன். பால் வரவு மாதிரியே ஒரு டேபிள். அதில் ஒவ்வொரு பதிவாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் கமிட், அதாவது உறுதியாகச் சேமி என்ற கட்டளை, கொடுக்கும் ஒரு சின்ன நிரல். போஸ்ட்கிரெஸ் நொடிக்கு நூறு சொச்சம் பதிவுகளைச் சேர்த்தது. மைஎஸ்க்யூஎல் ஆயிரக்கணக்கில் சேர்த்தது. திங்கட்கிழமை காலையில் மைஎஸ்க்யூஎல் என்று சொல்லிவிட்டேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. எண் அவ்வளவு தெளிவாக இருந்தது.

அந்த எண் பொய்யில்லை. அது எதை அளந்தது என்று எனக்குப் புரிவதற்கு ஒன்றரை வருடமும் ஒரு பால் சீட்டும் தேவைப்பட்டன.

வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஒரு கொள்முதல் மையம். காலையில் ஐந்தரை மணிக்கே கேனோடு வரிசை நிற்கும். பாலை அளந்து, மாதிரி எடுத்து, கொழுப்பும் எஸ்என்எஃப் என்கிற கொழுப்பில்லாத திடப்பொருளும் பார்த்து, விலை அட்டவணைப்படி லிட்டருக்கு என்ன விலை என்று போட்டு, ஒரு சீட்டு அடித்துக் கொடுப்பார்கள். சாயங்காலமும் அப்படியே. பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா. மையத்தில் இருப்பது ஒரு கணினி, அடிக்கடி போகும் கரண்ட், வந்தால் உண்டு என்கிற இணையம். அங்கே சர்வர் நிரலை நிறுவிப் பராமரிக்க ஆள் கிடையாது. அதனால் மையத்தில் எஸ்க்யூலைட்: முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு, தனியாகத் தொடங்கவோ நிறுத்தவோ எதுவும் இல்லை. இணையம் கிடைக்கும்போது அங்கிருந்து பதிவுகள் ஈரோட்டு அலுவலக சர்வருக்கு வரும். சர்வர் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று பதில் சொன்னதும், மையத்துக் கணினி அந்தப் பதிவை ‘அனுப்பியாயிற்று’ என்று குறித்துக்கொள்ளும். அலுவலக சர்வரில் மைஎஸ்க்யூஎல் 5.7.

2019 தொடக்கத்தில் ஒரு நாள் காலை அலுவலகத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. சர்வர் அணைந்து, கரண்ட் வந்ததும் தானாக எழுந்துகொண்டது. மைஎஸ்க்யூஎல்லும், செய்த மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் லாகைப் படித்துச் சரிசெய்துகொண்டு எழுந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. நாங்கள் மறந்தே போனோம்.

பட்டுவாடா அன்று கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்து மையம் ஒன்றிலிருந்து போன். ஒரு அம்மா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். மையத்துப் பையன் போனை அவரிடமே கொடுத்துவிட்டான். “ஏனுங்க தம்பி, காத்தால ஊத்துன பாலு எங்கீங்க போச்சு? சீட்டு இருக்குதுங்களே.” 4.2 லிட்டர். தேதி, நேரம், கொழுப்பு எல்லாம் சீட்டில் இருக்கிறது. எங்கள் சர்வரில் அப்படி ஒரு பதிவே இல்லை. மையத்துக் கணினியில் இருக்கிறது, ‘அனுப்பியாயிற்று’ என்ற குறியோடு.

அன்றைக்கு எல்லா மையங்களிலிருந்தும் எஸ்க்யூலைட் கோப்புகளை வாங்கி ஒப்பிட்டோம். கரண்ட் போன அந்த நொடியில் வந்து சேர்ந்த ஏழு பதிவுகள் சர்வரில் இல்லை. ஏழுக்கும் சர்வர் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொல்லியிருந்தது. சொல்லிவிட்டு மறந்திருந்தது.

காரணம் செட்டிங் கோப்பில் ஒரு வரி. மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமிக்கும் உள்பகுதிக்கு இன்னோடிபி என்று பெயர். இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிரான்ஸாக்‌ஷன் கமிட் என்று ஒரு செட்டிங் உண்டு. இயல்பான மதிப்பு 1: ஒவ்வொரு கமிட்டுக்கும் லாகை வட்டில் உண்மையாகவே எழுதி முடித்த பிறகுதான் ‘ஆயிற்று’ என்று சொல்லும். 2 என்று வைத்தால், இயங்குதளத்தின் கையில் கொடுத்துவிட்டு உடனே ‘ஆயிற்று’ என்று சொல்லிவிடும். வட்டில் எழுதுவது சுமார் நொடிக்கு ஒருமுறை. கரண்ட் போனால் கடைசி ஒரு நொடி போய்விடலாம். நான் வேறொரு பழைய வேலையிலிருந்து செட்டிங் கோப்பை அப்படியே எடுத்து வந்திருந்தேன். அதில் 2 இருந்தது. ஒப்பீடு செய்த டெஸ்க்டாப்பிலும் அதே கோப்புதான்.

போஸ்ட்கிரெஸ் ஏன் நொடிக்கு நூறு சொச்சத்தில் நின்றது என்பதும் அப்போது விளங்கியது. அந்த டெஸ்க்டாப்பில் இருந்தது நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் ஹார்டு டிஸ்க். நொடிக்கு 120 சுற்று. ஒவ்வொரு கமிட்டும் வட்டில் எழுதி முடியக் காத்திருந்தால் அந்த எண்ணிக்கையைச் சுற்றித்தான் வரும். மறுபடி சோதித்துப் பார்த்தேன். மைஎஸ்க்யூஎல்லில் 1 என்று வைத்ததும் அதுவும் நூறு சொச்சத்துக்கு இறங்கியது. போஸ்ட்கிரெஸ்ஸில் வட்டில் எழுதி முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் சிங்க்ரனஸ் கமிட்டை நிறுத்தியதும் அதுவும் ஆயிரங்களுக்கு ஏறியது. மொத்தம் பத்து நிமிட வேலை. ஒன்றரை வருடம் முன்னாடியே இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழித்திருந்தால் என் ஒப்பீட்டில் ஒப்பிட எதுவுமே இருந்திருக்காது.

யாராவது வேக ஒப்பீட்டு அட்டவணையைக் காட்டினால் அன்றிலிருந்து நான் முதலில் கேட்பது இதுதான்: ‘ஆயிற்று’ என்று சொன்ன நேரத்தில் தரவு எங்கே இருந்தது? நினைவகத்தில் இருந்ததா, வட்டிலா? இது இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை என்றால் மற்ற எண்களைப் படிக்க வேண்டியதே இல்லை. அடுத்து நினைவக ஒதுக்கீடு. இன்னோடிபியின் பஃபர் பூல், போஸ்ட்கிரெஸ்ஸின் ஷேர்டு பஃபர்ஸ் இரண்டும் நிறுவியவுடன் பொதுவாக 128 எம்பிதான். ஒன்றை மட்டும் உயர்த்திவிட்டு ஒப்பிட்டால் அதுவும் கணக்கில் சேராது.

ஏழு பேருக்கும் பணம் போனது. ஆனால் அந்த வாரம் முழுக்க மைஎஸ்க்யூஎல் டேபிள்களைத் தோண்டிக்கொண்டிருந்ததில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கொழுப்பு 48 என்று ஒரு பதிவு. பசும்பாலில் நாலு, எருமைப் பாலில் ஆறு, ஏழு, எட்டு என்று வரும். கருவி வேலை செய்யாத நாளில் கையால் அடித்தபோது யாரோ 4.8இல் புள்ளியை விட்டிருக்கிறார்கள். டேபிளை உருவாக்கும்போதே, கொழுப்பு 15க்கு மேல் போகக்கூடாது என்று செக் கட்டுப்பாடு எழுதியிருந்தேன். மைஎஸ்க்யூஎல் 5.7 அந்த வரியைப் படிக்கும், பிழை எதுவும் சொல்லாது, அப்படியே விட்டுவிடும். செயல்படுத்தவே செயல்படுத்தாது. ஆவணத்தில் அது எழுதித்தான் இருந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. 2019இல் வந்த 8.0.16 முதல்தான் மைஎஸ்க்யூஎல் செக் கட்டுப்பாட்டை நிஜமாகவே அமல்படுத்துகிறது. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி அதற்கு முன்பே, 10.2இல் செய்துவிட்டது.

மூன்றாவது சம்பவம்தான் மாறியே ஆக வேண்டும் என்று முடிவு செய்ய வைத்தது. விலை அட்டவணையின் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. ஆறு ஆல்டர் டேபிள் கட்டளைகள் ஒரே கோப்பில். ராத்திரி பதினொன்றரைக்கு ஓட்டினேன். நாலாவது கட்டளையில் பிழை. மைஎஸ்க்யூஎல்லில் இப்படிப்பட்ட ஒவ்வொரு கட்டளையும் தன்னாலே கமிட் ஆகிவிடும். பல கட்டளைகளை ஒரே கட்டாக, எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்று ஓட்டுவதுதான் டிரான்ஸாக்‌ஷன். டிரான்ஸாக்‌ஷனுக்குள் போட்டாலும் திரும்ப எடுக்க முடியாது. 8.0இல் தனிக் கட்டளை ஒவ்வொன்றும் முழுதாக நடக்கும் அல்லது நடக்காது என்று உறுதியாயிற்றே தவிர, ஆறையும் சேர்த்து ஒன்றாகத் திரும்ப எடுக்கும் வசதி அதிலும் இல்லை. டேபிள் பாதி பழசு, பாதி புதுசு. பழைய நிரலும் ஓடாது, புதிய நிரலும் ஓடாது. காலை ஐந்தரைக்குக் கேன் வந்துவிடும். மூன்று கட்டளைகளுக்கும் எதிர்க்கட்டளை எழுதி முடிக்கும்போது மணி மூன்றேகால்.

போஸ்ட்கிரெஸ்ஸில் பிகின் என்று தொடங்கி, ஆறு ஆல்டரையும் ஓட்டி, நடுவில் பிழை வந்தால் ரோல்பேக். டேபிள் தொடாத மாதிரி இருக்கும். இதை முதல் தடவை செய்து பார்த்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேண்டுமென்றே நாலாவது கட்டளையில் ஒரு பிழையை வைத்து ஓட்டினேன். பிழை வந்தது. ரோல்பேக் கொடுத்தேன். டேபிளைத் திறந்தால் பழைய டேபிள் முழுசாக அங்கேயே இருந்தது. எங்களை மாதிரி ராத்திரியில் மாற்றம் செய்துவிட்டுக் காலையில் சேவை கொடுக்க வேண்டிய சிறிய குழுவுக்கு, எந்த வேகத்தையும்விட இது பெரிது என்று நினைக்கிறேன்.

2019 கடைசிக்குள் போஸ்ட்கிரெஸ் 11க்கு மாறினோம். தரவை மாற்ற பிஜிலோடர் என்ற கருவி இருக்கிறது. டேபிள்களையும் தரவையும் மைஎஸ்க்யூஎல்லிலிருந்து நேரடியாக எடுத்து வந்துவிடும். எங்கள் தரவுக்கு ஒரே இரவு போதுமானதாக இருந்தது. எங்கள் நிரல் தரவுத்தளத்திடம் போடும் கேள்விகளை, அதாவது குவெரிகளை, சரிசெய்யத்தான் இரண்டு மாதம் ஆனது. அந்தப் பழைய செட்டிங் கோப்பில் தப்பான தரவை எவ்வளவு கண்டிப்பாக மறுப்பது என்று சொல்லும் எஸ்க்யூஎல் மோடு காலியாக இருந்ததால், 5.7இன் கண்டிப்பான விதிகள் எதுவும் எங்களிடம் நடப்பில் இல்லை. 0000-00-00 என்ற தேதிகள் இருந்தன. நீளம் தாண்டிய பெயர்கள் வாலறுந்து கிடந்தன. பதிவுகளைத் தொகுக்கும் குரூப் பை போட்டுவிட்டு, குரூப்பில் இல்லாத டேபிள் பத்தியையும் கேட்கும் கேள்விகள் முப்பது சொச்சம் இருந்தன. மைஎஸ்க்யூஎல் அவற்றுக்கு ஏதோ ஒரு மதிப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொன்றையும் மறுத்தது. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் மறுக்கப்பட்ட கேள்வி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்ததில், இரண்டு அறிக்கைகள் வருடக்கணக்கில் தப்பான மையத்தின் பெயரைக் காட்டி வந்தது தெரிந்தது.

மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாற வேண்டும் என்றில்லை. இன்றே உங்கள் எஸ்க்யூஎல் மோடு என்ன என்று ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். கண்டிப்பான மோடும், அப்படிப்பட்ட குரூப் பை கேள்விகளை மறுக்கும் ஒன்லி ஃபுல் குரூப் பையும் 5.7 முதல் இயல்பாகவே நடப்பில் வருகின்றன. காலியாக இருந்தால், யாரோ ஒருவர் எப்போதோ ஒரு பிழைச் செய்தியிலிருந்து தப்பிக்க அதை நிறுத்தியிருக்கிறார்.

சரி, போஸ்ட்கிரெஸ் வந்ததும் எல்லாம் சுபமா என்றால் இல்லை. முதல் வாரமே ஒரு காலை ஆறு மணிக்கு ‘சாரி, டூ மெனி க்ளையன்ட்ஸ் ஆல்ரெடி’ என்ற செய்தியோடு சேவை நின்றது. போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஒரு பிராசஸ். இயல்பான உச்ச வரம்பு 100. மைஎஸ்க்யூஎல் ஒவ்வொன்றுக்கும் ஒரு த்ரெட்தான் ஒதுக்கும் என்பதால் அங்கே இணைப்பு கொஞ்சம் இலேசானது. எங்கள் பிஹெச்பி நிரல் கணக்கில்லாமல் இணைப்புத் திறந்துகொண்டிருந்ததை அது பொறுத்துக்கொண்டது. வரம்பை 500 என்று உயர்த்துவது கைக்கு எட்டிய வழி. அதைச் செய்ய வேண்டாம். நடுவில் பிஜிபவுன்சரை வைத்தோம். நூற்றுக்கணக்கான இணைப்புகளை அது வாங்கி, இருபது இணைப்புகளில் உள்ளே அனுப்புகிறது. அதன் பிறகு அந்தச் செய்தி வரவே இல்லை.

அடுத்தது மெதுவாக வந்த சிக்கல். உறுப்பினர் ஒவ்வொருவரின் நடப்பு நிலுவையை வைத்திருக்கும் டேபிள், ஒன்பதாயிரம் பதிவுகள். ஒரு நாள் பார்த்தால் அது பல ஜிபி ஆகியிருந்தது. போஸ்ட்கிரெஸ் ஒரு பதிவை மாற்றும்போது பழையதை அழிப்பதில்லை. அதே டேபிளில் புதிய பிரதியை எழுதி, பழையதை அப்படியே விட்டுவைக்கும். யாருக்கும் தேவைப்படாத பழைய பிரதிகளை ஆட்டோவாக்யூம் பின்னால் வந்து கூட்டிப் பெருக்கும். எங்கள் அறிக்கை நிரல் ஒன்று, எல்லா எண்களும் ஒரே நேரத்து நிலையைக் காட்ட வேண்டும் என்பதற்காக ரிப்பீட்டபிள் ரீட் டிரான்ஸாக்‌ஷனைத் திறந்திருந்தது. ஒரு பிழையால் அதை மூடாமலே நாள்கணக்கில் கிடந்தது. அந்த டிரான்ஸாக்‌ஷனுக்குப் பழைய பிரதி தேவைப்படலாம் என்பதால் ஆட்டோவாக்யூம் எதையும் பெருக்க முடியவில்லை. ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன் செஷன் டைம்அவுட் என்ற செட்டிங்கைப் பத்து நிமிடம் என்று வைத்தோம். அதற்கு மேல் சும்மா கிடந்தால் இணைப்பை அது துண்டித்துவிடும். நடப்பு இணைப்புகளைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திறந்திருக்கும் டிரான்ஸாக்‌ஷன் இருந்தால் எனக்குக் குறுஞ்செய்தி வரும்படி செய்தோம். வீங்கிய டேபிளைச் சுருக்க வாக்யூம் ஃபுல் போட வேண்டியிருந்தது; அது ஓடும் நேரம் டேபிளைப் பூட்டி வைத்துவிடும் என்பதால் மத்தியானம் இரண்டு மணிக்கு, இரண்டு கொள்முதலுக்கும் நடுவில் செய்தோம்.

மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியும் பழைய பிரதிகளை வைத்திருக்கத்தான் செய்கிறது, ஆனால் தனியாக அன்டூ லாகில். மூடாத டிரான்ஸாக்‌ஷன் அங்கேயும் வீக்கத்தை உண்டாக்கும். வீங்கும் இடம்தான் வேறு.

மைஎஸ்க்யூஎல்லை விட்டு வந்ததில் நான் நிஜமாகவே இழந்ததும் ஒன்று உண்டு. இன்னோடிபியில் டேபிளே பிரைமரி கீயின், அதாவது பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பின், வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கும். உறுப்பினர் எண், தேதி, வேளை என்று பிரைமரி கீ வைத்திருந்தோம். ஒருவருடைய பத்து நாள் பால் கணக்கு, அதாவது இருபது பதிவுகள், வட்டில் பக்கம் பக்கமாகவே கிடக்கும். பட்டுவாடா கணக்கு பறக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் பதிவுகள் வந்த வரிசையில் கிடக்கின்றன. ஒருவருடைய இருபது பதிவுகள் இருபது இடத்தில். பட்டுவாடா கண்கூடாக மெதுவானது. பதிப்பு 11இல் வந்த இன்க்ளூட் வசதியை வைத்து, லிட்டரையும் தொகையையும் தேடலுக்கான இண்டெக்ஸுக்குள்ளேயே வைத்துச் சரிக்கட்டினோம். சரியாயிற்று, ஆனால் அங்கே சும்மா கிடைத்தது இங்கே யோசித்துச் செய்ய வேண்டியதாக இருந்தது. பதிப்பு உயர்த்துவதும் அப்படித்தான். போஸ்ட்கிரெஸ் வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருட ஆதரவு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக பிஜி அப்கிரேடு ஓட்ட வேண்டும், அதற்கு ஒரு மத்தியானத்தை ஒதுக்க வேண்டும்.

இப்போது எழுத்து வரிசைக்கு வருகிறேன். தமிழில் தரவு வைத்திருக்கும் யாருக்கும் இது உதவும்.

பால் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். முப்பது வருடமாகக் கையால் பதிவேடு எழுதியவர். பட்டுவாடா பட்டியலைப் பெயர் வரிசையில் அச்சிட்டுத் தருவோம். ஒரு நாள் பட்டியலோடு வந்து என் மேசையில் வைத்தார். “கனகா எப்படித் தம்பி கபிலனுக்கு மேல நிக்குது? னகரம் கடைசி எழுத்தாச்சே.” பார்த்தேன். கண்ணம்மா, கதிர்வேல், கனகா, கபிலன், கமலா, கருப்பசாமி, கற்பகம், கலைச்செல்வி, கவிதா. பள்ளியில் படித்த வரிசைப்படி பார்த்தால், கவிதாவுக்குப் பிறகு கற்பகம், கடைசியில் கனகா. பெரியவர் அந்த வரிசையில்தான் விரலை ஓட்டித் தேடுகிறார். கனகாவைக் கடைசியில் தேடிவிட்டு, இல்லை என்று நினைத்து, தனியே ஒரு வரி எழுதிச் சேர்த்திருந்தார். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை பணம் போயிருக்கும்.

யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் எண்கள் நம் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. நகரத்தை ஒட்டி னகரம், ரகரத்தை ஒட்டி றகரம், லகரத்தை ஒட்டி ளகரமும் ழகரமும், சகரத்துக்குப் பின்னால் ஜகரம் என்று வைத்திருக்கிறார்கள். ஆய்த எழுத்து அகரத்துக்கே முன்னால் இருக்கிறது. எண் வரிசையில் அடுக்கும் தரவுத்தளம் இப்படித்தான் அடுக்கும். எங்களிடம் இருந்த மூன்றுமே அப்படித்தான் அடுக்கிக்கொண்டிருந்தன. மைஎஸ்க்யூஎல்லில் ஜெனரல் சிஐ என்ற கொலேஷன், அதாவது எழுத்து வரிசை விதி, வைத்திருந்தோம். தமிழுக்கு அது எண் வரிசை. போஸ்ட்கிரெஸ்ஸை நிறுவியபோது சர்வரின் மொழி அமைப்பான லொகேல் சி என்று இருந்தது. அதுவும் எண் வரிசை. எஸ்க்யூலைட்டின் இயல்பான பைனரி கொலேஷனும் பைட்டுகளை ஒப்பிடுவதுதான். மூன்றும் ஒரே மாதிரி தப்பாக இருந்ததால் இத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை.

போஸ்ட்கிரெஸ்ஸில் பதிப்பு 10 முதல் ஐசியு என்ற மொழி நூலகத்தின் கொலேஷன்கள் உண்டு. ஆர்டர் பை வரியில் கொலேட் என்று எழுதி, தமிழுக்கான டிஏ எக்ஸ் ஐசியு என்ற பெயரைக் கொடுத்தால் போதும். கனகா கடைசிக்குப் போய்விட்டாள். மைஎஸ்க்யூஎல் 8இல் ஜெனரல் சிஐயை விட்டுவிட்டு, அதன் இயல்பான 0900 கொலேஷனுக்கு வந்தால் எழுத்து வரிசை சரியாகிவிடும். எஸ்க்யூலைட்டில் நாமே ஓர் ஒப்பீட்டுச் செயல்கூறை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம், நாற்பது வரி. ஒரு எச்சரிக்கை மட்டும்: கொலேஷன் விதிகள் ஐசியு பதிப்போடும், இயங்குதளத்தின் சி நூலகத்தோடும் மாறக்கூடியவை. 2018இல் வந்த, லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.28 அப்படி ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸ், புதிய வரிசையில் தேடினால் இருக்கும் பதிவையே இல்லை என்று சொல்லும். இயங்குதளத்தை உயர்த்தினால், எழுத்துப் பத்திகளின் மேல் உள்ள இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்துவிடுங்கள்.

எஸ்க்யூலைட் பற்றிச் சுருக்கமாக. அந்த ஏழு பதிவுகளைக் காப்பாற்றியது அதுதான், அதன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 2000ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹிப் எழுதத் தொடங்கியது. இன்று நம் பையில் இருக்கும் ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் பட்டோம். ஒரு பெரிய மையத்தில் இரண்டு கணினிகள். கோப்பை ஷேர்டு ஃபோல்டரில் வைத்து இரண்டிலிருந்தும் எழுதினார்கள். ஒரு மாதத்தில் ‘டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் ஈஸ் மால்ஃபார்ம்டு’ என்று வந்தது. நெட்வொர்க் ஃபோல்டரில் கோப்புப் பூட்டு நம்பகமாக வேலை செய்யாது; எஸ்க்யூலைட்டின் ஆவணமே இதை எச்சரிக்கிறது. இன்னொரு மையத்தில் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்து வந்தார்கள். டபிள்யூஏஎல் மோடில் புதிய பதிவுகள் பக்கத்திலேயே இன்னொரு கோப்பில் இருக்கும். அதை விட்டுவிட்டு முதல் கோப்பை மட்டும் எடுத்தால் அன்றைய பால் இருக்காது. இப்போது பேக்கப் பொத்தானை அழுத்தினால் வாக்யூம் இன்ட்டூ கட்டளை ஓடி, முழுமையான தனிக் கோப்பாகத் தருகிறது.

திறந்த மூலம் என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டிவந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளம், திறந்த மூலம் அல்லாத உரிமத்துக்கு மாறியது. வந்து சேரும் பதிவுகளை வரிசையில் நிறுத்திவைக்க நாங்கள் அதைத்தான் வைத்திருந்தோம். அதே மாதம் லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையில் வால்கீ பிரிந்து வந்தது. நாங்கள் அதற்குப் போனோம். ரெடிஸ் மறுவருடமே ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது, ஆனால் நாங்கள் திரும்பவில்லை. 2018இல் மோங்கோடிபி என்ற தரவுத்தளமும் இதே போல உரிமம் மாறியிருந்தது. ஆகவே நிரல் யார் கையில் இருக்கிறது என்பதையும் இப்போது பார்க்கிறேன். மைஎஸ்க்யூஎல்லை வைத்திருந்த நிறுவனத்தை 2008இல் சன் வாங்கியது, சன்னை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. அந்தக் கவலையில்தான் மைஎஸ்க்யூஎல்லை எழுதிய மோன்ட்டி வைடனியஸே மரியாடிபியைப் பிரித்துக்கொண்டு போனார். போஸ்ட்கிரெஸ் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கியது, எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் இல்லை. எஸ்க்யூலைட் எல்லாருக்கும் பொதுச் சொத்து, உரிமமே தேவையில்லை. ஆனால் வெளியார் எழுதும் நிரலை அது பொதுவாக ஏற்பதில்லை. இதில் எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பத்து வருடம் ஓட வேண்டிய கணக்கு என்றால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

2023இல் இன்னொரு வாடிக்கையாளருக்குத் தீவன விற்பனைக் கணக்கு. அவர்களுடைய சர்வரில் மரியாடிபி ஏற்கெனவே இருந்தது. இந்தத் தடவை வேகத்தை அளக்கவே இல்லை. செய்த சோதனை இது. ஒரு மடிக்கணினியிலிருந்து 1, 2, 3 என்று எண்களை ஒவ்வொன்றாக சர்வருக்கு அனுப்பும் நிரல். ‘ஆயிற்று’ என்று பதில் வந்த எண்ணை மடிக்கணினியிலேயே எழுதிக்கொள்ளும். எண்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வரின் பிளக்கைக் கையால் பிடுங்குவது. திரும்பக் கரண்ட் கொடுத்து, மடிக்கணினியின் கடைசி எண்ணும் தரவுத்தளத்தின் கடைசி எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது. தரவுத்தளத்தில் ஓர் எண் கூடுதலாக இருக்கலாம், பதில் வந்து சேர்வதற்குள் கரண்ட் போயிருக்கும். குறைவாக இருக்கவே கூடாது.

மரியாடிபி, போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் மூன்றையும் பத்துப் பத்துத் தடவை பிடுங்கிப் பார்த்தோம். செட்டிங் சரியாக இருக்கும்போது மூன்றும் ஓர் எண்ணைக்கூட விடவில்லை. எஸ்க்யூலைட்டை டபிள்யூஏஎல் மோடில் வைத்து, சிங்க்ரனஸ் என்ற செட்டிங்கை ஃபுல்லிலிருந்து நார்மலுக்கு இறக்கியபோது கடைசி எண்கள் போயின. கோப்பு கெடவில்லை, எண்கள்தான் போயின. ஆவணத்தில் சொல்லியிருப்பதும் அதுவே. அப்புறம் ஒரு மலிவான எஸ்எஸ்டியை மாட்டிச் செய்தோம். அதில் மூன்றுமே எண்களை இழந்தன. தரவுத்தளம் எழுதச் சொன்னது, வட்டு எழுதிவிட்டேன் என்று சொன்னது, எழுதவில்லை. அந்த எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினோம். அந்தக் கணக்கு இன்றைக்கும் மரியாடிபியில்தான் ஓடுகிறது. மாற்ற ஒரு காரணமும் வரவில்லை.

பேக்கப் பற்றி எந்த ஒப்பீட்டிலும் ஒரு வரிதான் இருக்கும். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை போஸ்ட்கிரெஸ் சர்வரின் தரவையே அழித்துவிட்டார். திரும்ப எடுக்கப் போனபோது, பிஜி டம்ப் பேக்கப் ஓடவே இல்லை என்று தெரிந்தது. சர்வரின் பதிப்பு வேறு, டம்ப் கருவியின் பதிப்பு வேறு. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. நடந்ததை அவர்களே முழுதாக எழுதி வெளியிட்டார்கள். அதை நான் 2019இல் அந்த ஏழு பதிவுகளைத் தேடிக்கொண்டிருந்த வாரத்தில்தான் முதன்முதலாகப் படித்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம் அலுவலகத்தில் ஒருவர் மட்டும் வருவோம். முந்தின ராத்திரி பேக்கப்பை எடுத்து, பழைய டெஸ்க்டாப் ஒன்றில் புதிதாக போஸ்ட்கிரெஸ் நிறுவி அதில் மீட்டெடுப்போம். அது முடிந்ததும் ஏதாவது ஒரு மையத்துக்குப் போன். சனிக்கிழமை சாயங்காலம் மொத்தம் எத்தனை லிட்டர் என்று கேட்போம். அவர்கள் கையெழுத்து நோட்டைப் புரட்டுவது போனில் கேட்கும். போன ஞாயிறு என் முறை. கோபி பக்கத்து மையத்தைத்தான் கூப்பிட்டேன். 318.6 என்றார்கள். என் திரையிலும் 318.6.